கார் எடுத்து 40 நாள், நம்பர் இன்னும் வரவில்லை. ஷோரூம்காரர்களை என்ன செய்வது?

பின்சீட்டுக்காரன்:
புதுக் கார் எடுத்து இன்றோடு 40 நாள். டெலிவரிக்கு முன்பே முழுப் பணமும் கட்டியாயிற்று, பதிவுக் கட்டணமும் வரியும் அதில் அடக்கம், ரசீதில் தனித்தனியாகவே போட்டிருக்கிறார்கள். சாவி கொடுத்த அன்று பூங்கொத்து, போட்டோ, கைதட்டல், "ஒரே வாரத்துல நம்பர் வந்துடும் சார்". அப்புறம் ஆளையே காணோம்.

வாங்குவதற்கு முன்னால் ராத்திரி பத்து மணிக்குக்கூட போன் போட்டுக் குடைந்த சேல்ஸ்மேன்தான். இப்போது மெசேஜ் அனுப்பினால் நீல டிக் மட்டும் விழுகிறது. ஷோரூமுக்குப் போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை: சர்வர் வேலை செய்யவில்லை, ஃபைல் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டது, பார்க்கிற பையன் லீவு. போன வாரம் "பேங்க் லெட்டர் இல்லையே சார்" என்றார்கள். அந்தக் கடிதத்தை நானே கையில் கொடுத்தேன், வாங்கியவர் என் கண் முன்னால்தான் ஸ்டேப்லர் அடித்தார்.

நேற்று நேரில் போய், ஃபைலைக் கண்ணில் காட்டாமல் நகர மாட்டேன் என்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். அலமாரி மேலே, சீட் கவர் அட்டைப்பெட்டிக்கு அடியிலிருந்து உருவி எடுத்து வந்தார்கள். போகவே இல்லை! என் பேங்க் லெட்டர் வேறு யாருடைய ஃபைலிலோ இருந்தது, என் ஃபைலில் யாரோ ஒருவரின் அடையாள அட்டை நகல். இதற்கு நடுவில் "இந்த 4 ஃபாரத்துலயும் கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நாங்க ஃபில் பண்ணிக்கிறோம்" என்று வெற்று ஃபாரங்களை நீட்டினார்கள். போடவில்லை.

டெம்பரரி நம்பர் இன்னும் 6 நாளில் முடிகிறது. அதற்குப் பிறகு வண்டியை எடுக்கலாமா? யாரைப் பிடித்தால் வேலை நடக்கும்? கத்தியும் பார்த்துவிட்டேன், கத்தினால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஹேண்ட்பிரேக்:
வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதது நல்ல காரியம். எனக்கும் இதே கூத்துதான், ஆனால் நான் போட்டுத் தொலைத்தேன், ஆர்சியில் பழைய முகவரியோடு வந்தது. மாற்றுவதற்கு நான்தான் அலைந்தேன்.

கிளட்ச் கேபிள்:
தம்பி, நான் ஒரு ஷோரூமில் இந்தக் காகித வேலையைத்தான் சில வருடம் பார்த்தேன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சேல்ஸ்மேனுக்கு கமிஷன் வண்டி வெளியே போவதோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு அவரைத் துரத்துவது உங்கள் நேரத்துக்குத்தான் கேடு. பின்னால் ஒரு மூலையில் ஒருவரோ இருவரோ மொத்த ஷோரூமின் ஃபைலையும் பார்ப்பார்கள். மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக வண்டிகளை மொத்தமாகத் தள்ளும்போது ஃபைலும் மொத்தமாக வந்து குவியும், கூச்சல் போடாதவருடையது கீழே போய்விடும்.

"எப்போ வரும்" என்று கேட்காதீர்கள், அதற்கு "நாளைக்கு" என்பதுதான் பதில். "விண்ணப்ப எண் என்ன, வரி கட்டிய ரசீது எங்கே" என்று கேளுங்கள். எண் இருந்தால் ஃபைல் போயிருக்கிறது, இல்லையென்றால் அங்கேயே கிடக்கிறது. நடுவில் வேறு பதிலே கிடையாது.

அடுத்து இன்வாய்ஸை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று சேசிஸ் நம்பரை, அதாவது வண்டியில் பொறித்திருக்கும் அடையாள எண்ணை, ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ கதவுச் சட்டத்திலோ இருக்கும், மொத்தம் 17 இலக்கம். அதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாது என்றே விட்டுவிட்டார்கள். இது தெரியாமல் பூஜ்யத்துக்கு ஓ என்று அடித்துவிட்டு, திரும்பி வந்த ஃபைலை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எட்டும் பி எழுத்தும் இன்னொரு தலைவலி. பெயரையும் பாருங்கள், அடையாள அட்டையில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், இவர்கள் இன்வாய்ஸில் இனிஷியலைப் போட்டு வைத்திருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. கம்பெனியிலிருந்து வாடிக்கையாளர் சர்வே என்று அழைப்பு வரும், அந்த மார்க்குக்கு ஷோரூம் முதலாளியே பயப்படுவார். ஜெனரல் மேனேஜருக்கு மெயில் போடும்போது கார் கம்பெனியின் கஸ்டமர் கேரையும் நகலில் சேருங்கள். திட்டாதீர்கள், தேதியை மட்டும் வரிசையாக எழுதுங்கள்.

ஸ்டெப்னி:
வண்டியை எடுப்பது பற்றிக் கேட்டீர்களே, டெம்பரரி முடிந்த பிறகு தொடவே வேண்டாம். அபராதம் ஒரு பக்கம், இடித்தால் பதிவில்லாத வண்டி என்று இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். காலத்தை நீட்டிக்க வழியுண்டா என்று பதிவு அலுவலகத்திலேயே கேளுங்கள், ஷோரூம்காரர் வாய்வார்த்தையாக "ஒண்ணும் ஆகாது சார்" என்பதை நம்பாதீர்கள். அவர்கள் அப்படிச் சொன்னால் அதையே மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள்.

நாமே நேரடியாகப் பதிவது ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் புது வண்டியை டீலர்தான் பதிய முடியும்.

பின்சீட்டுக்காரன்:
கிளட்ச் கேபிள் அண்ணே, கும்பிடு. டார்ச் அடித்துப் பார்த்தேன், பதினோராவது இடத்தில் வண்டியில் எட்டு, இன்வாய்ஸில் பி. அதைப் பார்த்து எடுத்த இன்சூரன்ஸிலும் அதே பி! ஆக 40 நாளாக என் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா இல்லையா என்பதே சந்தேகம்தான்.

இரண்டையும் போட்டோ எடுத்து, தேதிகளோடு மெயில் போட்டேன், நகலில் கம்பெனி. மதியமே ஜெனரல் மேனேஜர் தானாகக் கூப்பிட்டார், இத்தனை நாள் அப்படி ஒருவர் இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை. பழைய இன்வாய்ஸை ரத்து செய்து புதிது போட்டார்கள், இன்சூரன்ஸிலும் திருத்தம் வாங்கினார்கள். சாயங்காலம் விண்ணப்ப எண் வந்தது, நானே ஆன்லைனில் போட்டுப் பார்த்தேன், இருக்கிறது. நம்பர் வரும்வரை வண்டி வீட்டில்தான்.

சேல்ஸ்மேனும் பதில் அனுப்பிவிட்டார். சர்வேயில் பத்துக்குப் பத்து போடச் சொல்கிறார். அந்த அழைப்பு இன்னும் வரவில்லை, போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.