அம்மாவின் ஸ்டீரொய்ட் குளிசையை நிறுத்தியது நான்தான். வார்டில் நடந்ததும் என் கேள்விகளும்

வெள்ளவத்தை_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. மூட்டு வாதத்துக்காக 6 வருடமாக ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் 7.5 மி.கி., ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாட்டோடு ஒன்றரைக் குளிசை. போன மாதம் மழைக்கு எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் தேங்கி நின்றபோது அதற்குள்ளால் நடந்து போய் காலில் ஏதோ வெட்டி ஒரு சின்னப் புண். மூன்று நாளில் கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் வரை சிவந்து வீங்கிவிட்டது. மாமா வந்து பார்த்துவிட்டு, "ஸ்டீரொய்ட் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், புண் ஆறும்வரை அதை நிறுத்து" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நிறுத்திவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து கொழும்பிலேயே ஒரு வைத்தியசாலையில் அனுமதித்தோம். காய்ச்சல் இல்லை, தெர்மோமீட்டர் 98.4 காட்டியது, அதனால் யாரும் பெரிதாகப் பதறவில்லை. சேலைனில் அன்டிபயோடிக் ஏற்றினார்கள். வீட்டில் என்ன மருந்து குடிக்கிறார் என்று கேட்டபோது நான் பிரஷர் குளிசையை மட்டும் சொன்னேன், மற்றதைத்தான் நிறுத்தியாயிற்றே என்று நினைத்து. இரண்டாம் நாள் இரவு அம்மாவுக்குச் சத்தி, வயிற்று வலி, எழுந்து உட்காரவே ஏலாமல் போய்விட்டது. பக்கத்துக் கட்டில் அன்ரி "அன்டிபயோடிக் குடலைப் புரட்டுது" என்றார். நானும் நம்பினேன்.

நைட் டியூட்டியில் இருந்த ஒரு சின்ன வயது நேர்ஸ் மிஸ்தான் அலுமாரித் தட்டில் சொப்பிங் பேக்குக்குள் கிடந்த கிளினிக் கொப்பியை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தபடியே நிமிர்ந்து, "இந்தக் குளிசையைக் கடைசியாக எப்போது குடித்தார்?" என்று கேட்டார். நான்கு நாள் என்றேன். அவர் ஓட்டமும் நடையுமாகப் போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது. பிரஷர் 80/50, சுகர் 58. டொக்டர் வந்து ஹைட்ரோகோட்டிசோன் என்ற ஸ்டீரொய்ட் ஊசி போட்டு, சேலைனை வேகமாக விட்டார்கள். விடியும்போது அம்மா எழுந்து உட்கார்ந்து பிளேன்ரீ கேட்டார்.

இப்போது வீட்டில் இருக்கிறார். என் கேள்விகள்: கிருமித் தொற்று இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை எதற்குக் கூட்டிக் கொடுக்கிறார்கள்? வீட்டில் நான் எதைக் கவனிக்க வேண்டும்? அப்புறம் இன்னொன்று. வார்டில் சுகர் பார்க்க விரலில் குத்தும் அந்தப் பேனை மாதிரிக் கருவி ஒன்றே கட்டில் கட்டிலாகப் போனதைக் கண்டேன். ஊசியை மாற்றினார்கள், கருவி அதேதான். அது பரவாயில்லையா?

---

ஓய்வுபெற்ற_மிஸி:

தங்கச்சி, உங்கள் மாமா சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையால் வார்டுக்கு வந்தவர்களை 29 வருடத்தில் நிறையப் பார்த்துவிட்டேன்.

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி வைத்தது போல இருக்கிற அட்ரீனல் சுரப்பிதான் கோட்டிசோல் என்ற ஸ்டீரொய்ட் வகை ஹோர்மோனைச் சுரக்கிறது. சாதாரண நாளில் உடம்பு தானே சுரப்பது ஏறக்குறைய ப்ரெட்னிசொலோன் 5 மி.கி.க்குச் சமம். வெளியிலிருந்து குளிசை வந்துகொண்டே இருந்தால் சுரப்பி வேலையை விட்டுவிட்டுத் தூங்கிவிடும். ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தாலே இது நடக்கலாம், அம்மாவுக்கு 6 வருடம். காய்ச்சல், புண், ஒப்பரேஷன் என்று வந்தால் நல்ல உடம்பு கோட்டிசோலைப் பல மடங்கு கூட்டும், பிரஷரையும் சுகரையும் தாங்கிப் பிடிப்பது அதுதான். அம்மாவின் உடம்பால் கூட்ட முடியாது. அந்த நேரம் பார்த்து நீங்கள் வெளியிலிருந்து வந்ததையும் நிறுத்திவிட்டீர்கள். அந்த ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கப் போட்டதல்ல, உடம்பால் சுரக்க முடியாததை ஈடு செய்யப் போட்டது. வளர்ந்தவர்களுக்கு முதல் ஊசி வழக்கமாக 100 மி.கி., அதை இரத்தச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் போடுவோம்.

அதனால் இனி வருத்தம் வந்தால் குளிசையைக் குறைப்பதில்லை, கூட்டுவது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கிளினிக்கில் டொக்டரிடமே கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம், இரவு 2 மணிக்கு ஞாபகம் வராது. குளிசை குடித்து அரை மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொருமுறை கொடுக்கலாம். அதுவும் நிற்கவில்லை என்றால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், ஊசிதான் வேண்டும். அம்புலன்சில் ஏறியதும் முதலில் சொல்ல வேண்டியது "ஸ்டீரொய்ட் எடுக்கிறவர்" என்பதை. புண்ணைப் பிறகு சொல்லலாம்.

காய்ச்சல் இல்லை என்று ஏமாந்துவிடாதீர்கள். ஸ்டீரொய்ட் காய்ச்சலையும் வீக்கத்தையும் மறைத்துவிடும். நாங்கள் அப்படிப்பட்டவர்களுக்கு தெர்மோமீட்டரை விட முகத்தைத்தான் நம்புவோம். சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாரா, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறதா, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா, நாடி வேகமாக அடிக்கிறதா, இவைதான்.

சுகரையும் காலையில் மட்டும் பார்த்தால் போதாது. காலையில் குடிக்கிற ப்ரெட்னிசொலோன் பின்னேரம்தான் சுகரை ஏற்றும். வெறும் வயிற்றில் 95 என்று சந்தோசப்பட்டுக்கொண்டு இருப்பார்கள், இரவுச் சாப்பாட்டுக்கு முன் பார்த்தால் 240 நிற்கும். வாயைத் திறந்து நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். தோல் கடதாசி மாதிரி மெல்லியதாகி இருக்கும், பிளாஸ்டரை டக்கென்று இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். சுற்றிவரத் தண்ணீரில் நனைத்து, மற்றக் கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக உரியுங்கள். இதை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு பழைய சிஸ்டர், நான் ஒரு ஆச்சியின் கையில் தோலைக் கிழித்த அன்று.

வீட்டுப் பிள்ளைகளில் யாருக்காவது அம்மாள் வருத்தம் (சின்னம்மை) வந்தால் அன்றே கிளினிக்குக்குச் சொல்லுங்கள், அம்மாவுக்குக் கொப்பளம் வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

---

கொட்டாஞ்சேனைக்காரன்:

மிஸி சொல்வது எல்லாம் சரி. ஆனால் அந்த விரல் குத்தும் கருவி விசயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? போன வருடம் அப்பாவை வைத்திருந்தபோது ஒரு நேர்ஸிடம் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். தன்மையாகத்தான் சொன்னேன். மூன்று நாள் அவர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, அப்பாவே என்னிடம் "நீ இனி வராதே" என்று சொல்லும் நிலைமை. காசு உள்ளவர்கள் பிரைவேட்டுக்குப் போய்விடுவது நல்லது, வேறு வழி இல்லை.

---

கைகழுவு_கமிட்டி:

நான் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி. எங்கு என்று கேட்காதீர்கள், சொன்னால் நாளைக்கு வேலைக்குப் போக ஏலாது.

அண்ணை, பிரைவேட் என்றாலும் கை கைதான். ஏசி போட்ட தனி அறையில் கைகழுவாமல், சேலைன் ஏற்ற நரம்பில் போட்டிருக்கிற கனியூலாவைத் தொட்டால் கிருமி "இது பிரைவேட்" என்று திரும்பிப் போகாது. கைகழுவச் சொன்னால் கோபம் வருவதும் புதிதில்லை. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டொக்டர், பிரசவ வார்டுக்குள் வருகிறவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார், தாய்மார் சாவது மளமளவென்று குறைந்தது. கூட வேலை செய்த பலருக்கு அதன் பிறகும் அவரைப் பிடிக்கவில்லை.

நான் ஒன்று சொல்லித் தருகிறேன், வேலை செய்கிறது. "கை கழுவினீர்களா?" என்று கேட்காதீர்கள், அது விசாரணை மாதிரிக் கேட்கும். "மிஸ், அம்மா ஸ்டீரொய்ட் எடுக்கிறவர், லேசில் தொற்றிவிடும் என்று டொக்டர் சொன்னவர், அதனால்தான் கேட்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கட்டில் காலடியில் இருக்கிற, கையில் பூசும் அல்கஹோல் ரப் போத்தலை எடுத்து நீங்கள் முதலில் உங்கள் கையில் பூசுங்கள். பாதிப் பேர் தன்னிச்சையாகக் கையை நீட்டுவார்கள். ரப் என்றால் 20 முதல் 30 செக்கன், சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 செக்கன். ஒன்று மட்டும் கவனம்: அன்டிபயோடிக் எடுக்கிறவருக்கு வயிற்றோட்டம் தொடங்கினால் ரப் காணாது. குளொஸ்ட்ரிடியொய்டீஸ் டிஃபிசீல் என்றொரு கிருமி, அதன் வித்துக்கள் அல்கஹோலுக்குச் சாகாது. சவர்க்காரம்தான்.

விரல் குத்தும் கருவிக்கு வருகிறேன். பரவாயில்லையா என்று கேட்டால், இல்லவே இல்லை. ஊசியை மாற்றினாலும் கருவியின் வாயில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் ஒட்டியிருக்கும், ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். வார்டில் ஒருமுறை குத்திவிட்டு எறிகிற லான்செட்தான் பாவிக்க வேண்டும். அது இல்லை என்றால் அம்மாவுக்கென்று ஒரு கருவி வாங்கிப் பெயர் ஒட்டி வையுங்கள். இன்சுலின் பேனையும் அப்படியே, ஒருவருடையதை இன்னொருவருக்கு ஊசி மாற்றியும் போடக் கூடாது, இரத்தம் பின்னோக்கி உள்ளே ஏறும். நீங்கள் கண்டதை சிஸ்டரிடம் அமைதியாகச் சொல்லலாம், தொற்றுக் கட்டுப்பாட்டு நேர்ஸ் யார் என்றும் கேட்கலாம். எங்களுக்கு இப்படியான தகவல் தேவை, யாரும் வந்து சொல்வதில்லை என்பதுதான் எங்கள் குறை.

கையுறைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கிளவுஸ் போட்டிருக்கிறார் என்று நிம்மதிப்படாதீர்கள், அதே கிளவுஸோடு அடுத்த கட்டிலுக்குப் போனால் வெறுங்கையை விட மோசம், ஏனென்றால் போட்டிருப்பவருக்கே தன் கை சுத்தம் என்ற நினைப்பு.

நீங்களும் கோபிக்க வேண்டாம் தங்கச்சி. விசிட்டிங் டைமில் வருகிற சொந்தக்காரர் பஸ் கம்பியைப் பிடித்த கையால் அம்மாவின் நெற்றியைத் தடவுவார், ஹேண்ட்பேக்கைத் தரையில் வைத்து எடுத்துக் கட்டிலில் வைப்பார். பக்கத்துக் கட்டில் ஆச்சிக்கு பெட்பான் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்து அம்மாவுக்குச் சோறு ஊட்டுகிற நல்ல மனசுக்காரர்களையும் கண்டிருக்கிறேன். நைட்டில் வார்ட் முழுவதற்கும் ஓரிரு நேர்ஸ் நிற்கிற இடத்தில் இந்த உதவி பெரிய காரியம். செய்யுங்கள், இடையில் கையைக் கழுவிவிட்டு.

---

தைரொய்ட்_குடும்பம்:

இதோடு சம்பந்தப்பட்டதுதான், அதனால் எழுதுகிறேன். மனைவிக்குத் தைரொய்ட் கூடி கார்பிமசோல் எடுத்தார். ஒருநாள் தொண்டை நோவு, காய்ச்சல். நாங்கள் பனடோலும் கொத்தமல்லித் தண்ணீரும் கொடுத்து இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் கிளினிக்குக்குப் போன் பண்ணியபோது எடுத்த மிஸ், "குளிசையை உடனே நிறுத்திவிட்டு இப்போதே வந்து எஃப்பிசி (இரத்த அணுச் சோதனை) எடுங்கள்" என்று ஏறக்குறையக் கத்தினார். வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன. அரிதாக இந்த மருந்துக்கு அப்படி நடக்குமாம். தனி அறையில் போட்டு, வாசலில் "தடிமன் உள்ளவர்கள் உள்ளே வரவேண்டாம்" என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினார்கள்.

அக்காவின் அம்மாவுக்கு நிறுத்தியது பிழை, எங்களுக்கு நிறுத்தாமல் இருந்தது பிழை. குளிசைக்குக் குளிசை சட்டம் வேறு.

---

வெள்ளவத்தை_மகள்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. மிஸி எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன், பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். நேற்றுக் கிளினிக்கில் கேட்டு, வருத்தம் வந்தால் எத்தனை குளிசை என்று கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வாங்கியாயிற்று. லான்செட் கருவி புதிதாக ஒன்று வாங்கினேன். பின்னேர சுகர் 212, நீங்கள் சொன்னது போலவே காலையில் 101தான் இருந்தது. டொக்டருக்குச் சொன்னேன், ஒரு கிழமை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

ஹைட்ரோகோட்டிசோன் ஊசி ஒன்று கையில் வைத்திருக்கச் சொல்லியும் எழுதித் தந்தார். அடுத்த மாதம் கலியாண வீட்டுக்கு யாழ்ப்பாணம் போகிறோம், ரயிலில். அதை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டுமா?

---

ஓய்வுபெற்ற_மிஸி:

ஐஸ் தேவையில்லை. தூளாக வருகிற குப்பிதானே, வெயில் படாமல் கைப்பைக்குள் வையுங்கள். மேலே தட்டில் ஏற்றிவிடுகிற பெரிய பேக்கில் வேண்டாம், அவசரத்துக்கு எட்டாது. கரைப்பதற்கான தண்ணீர்க் குப்பி, சிரிஞ்ச், ஊசி, டொக்டரின் கடிதம் எல்லாம் ஒரே பையில். போவதற்கு முன் கிளினிக் மிஸ்ஸிடம் எப்படிக் கரைத்துத் தொடையில் போடுவது என்று ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள், நீங்கள் மட்டுமல்ல, கூட வருகிற இன்னொருவரும் பார்க்கட்டும். குளிசையையும் இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். கலியாண வீட்டில் பேக் மாறுவது சகஜம்.

மாமாவும் வருகிறாரா? அவரையே பழக்கிவிடுங்கள்.