மூடப்பட்ட மின்பணப்பை நிறுவனத்தின் பெயரில் 'உங்கள் இருப்பு 418.75 டாலர்' என்று மின்னஞ்சல் வருகிறது: உண்மையாக இருக்குமா?

கேள்வி: எடிசன், நியூஜெர்சி

அனைவருக்கும் வணக்கம். 2005, 2006 ஆண்டுகளில் நான் ஹெச்-1பி விசாவில் இங்கே வந்த புதிதில், அறை நண்பர்களோடு சேர்ந்து வார இறுதிகளில் இணையத்தில் போக்கர் விளையாடுவேன். கிரெடிட் கார்டிலிருந்து சூதாட்டத் தளத்துக்கு நேரடியாகப் பணம் அனுப்ப முயன்றால் வங்கி பெரும்பாலும் மறுத்துவிடும் என்பதால், கடல் கடந்த ஒரு தீவில் பதிவான மின்பணப்பைச் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கி, அதன் வழியாகவே பணத்தைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தோம். 2006 அக்டோபரில் இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றத்துக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் வந்த சில மாதங்களில் அந்தச் சேவை அமெரிக்க வாடிக்கையாளர்களைக் கைவிட்டது. பிறகு நிறுவனமே மூடப்பட்டது. என் கணக்கில் மிச்சமிருந்த பணத்தைப் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

இப்போது மூன்று வாரங்களாக அதே பெயரில், அதே டொமைன் முகவரியிலிருந்து மின்னஞ்சல்கள் வருகின்றன. செயலற்ற கணக்குகளைத் தீர்த்துக் கொடுப்பதாகவும், என் இருப்பு 418.75 டாலர் என்றும், 35 டாலர் சரிபார்ப்புக் கட்டணம் செலுத்தி, சமூகப் பாதுகாப்பு எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கொடுத்தால் பத்து நாளில் பணம் வந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

பொதுவாக இத்தகைய மின்னஞ்சலைப் படிக்காமலே நீக்கிவிடுவேன். இதை நீக்க முடியாததற்குக் காரணம், பழைய கோப்பு ஒன்றில் அந்தக் கணக்கின் கடைசி அறிக்கையை அச்சிட்டு வைத்திருந்தேன். மை மங்கிய அந்தத் தாளிலும் இருப்பு 418.75 டாலர்தான். மேலும், கணக்குத் தொடங்கியபோது என் தந்தையின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டுப் பதிந்திருந்தேன். வேறு எங்கும் செய்யாத அந்தப் பிழை இந்த மின்னஞ்சலிலும் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு, ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' திறந்து பார்த்தேன்: அனுப்பிய டொமைன் உண்மையானதா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று சோதனைகளும் 'பாஸ்' என்று காட்டுகின்றன. அப்படியானால் இது போலி முகவரி அல்ல என்றுதானே பொருள்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் மின்னஞ்சலில் இருந்த இணைப்பைச் சொடுக்கி, பழைய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டுப் பார்த்தேன். 'பிழை, மீண்டும் முயலவும்' என்று வந்ததும் மூடிவிட்டேன். பணம் எதுவும் கட்டவில்லை. எண் எதையும் கொடுக்கவில்லை. என் குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால், யாரிடமாவது புகார் செய்யப் போய் அந்தக் காலத்து விளையாட்டே எனக்கு வினையாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: மின்னஞ்சல் வழங்கிகளை நிர்வகிக்கும் வாசகர்

நண்பரே, மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். அந்தப் பழைய கடவுச்சொல்லை இன்றும் வேறு எங்காவது பயன்படுத்துகிறீர்களா? பயன்படுத்தினால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அங்கே போய் மாற்றுங்கள். 'பிழை' என்று காட்டுவது இத்தகைய பக்கங்களின் வழக்கமான நடை. நீங்கள் தட்டிய எழுத்துகளைப் பதிவு செய்துகொண்ட பிறகுதான் அந்தச் செய்தி வருகிறது. ஒருவர் இரண்டாம் முறை வேறொரு கடவுச்சொல்லை இட்டுப் பார்த்தால் அதுவும் அவர்களுக்குக் கிடைக்கும்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். மூன்று சோதனைகளும் 'பாஸ்' என்று வந்திருப்பதால் மின்னஞ்சல் அந்த டொமைனிலிருந்துதான் வந்திருக்கிறது என்ற உங்கள் முடிவு சரியானதே. ஆனால் அந்த டொமைன் இன்று யாருடையது என்பதற்கு அந்தச் சோதனைகள் பதில் சொல்வதே இல்லை. டி.கே.ஐ.எம். கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுத்திறவியும், எந்த வழங்கிகள் அந்தப் பெயரில் மின்னஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். பதிவும், டிமார்க் கொள்கையும் அந்த டொமைனின் டி.என்.எஸ். பதிவுகளில்தான், அதாவது அந்தப் பெயருக்கான பொது முகவரிக் குறிப்பேட்டில்தான், இருக்கின்றன. டொமைன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அவற்றை எழுதி வைக்கிறார். வீட்டு எண் அதேதான். குடியிருப்பவர் வேறு ஆள். தபால்காரரிடம் முகவரி சரியா என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வார்.

நிறுவனம் மூடப்பட்டதும் டொமைனைப் புதுப்பிக்க ஆள் இருப்பதில்லை. டாட் காம் பெயர் ஒன்று காலாவதியானால், பதிவு நிறுவனம் அதை அதிகபட்சம் 45 நாள் வைத்திருக்கலாம். அதன் பிறகு, பழைய உரிமையாளர் கூடுதல் பணம் கட்டி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. கடைசி 5 நாள் நீக்கத்துக்குக் காத்திருக்கும். அதற்குப் பின் சில டாலர்களுக்கு எவரும் பதிவு செய்துகொள்ளலாம். இப்படி விடுபடும் பெயர்களுக்காகவே கணினி நிரல்களை ஓடவிட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் மக்களின் பணத்தைக் கையாண்ட பெயர் என்றால் மோசடிக்காரர்களுக்கு அதன் மதிப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் பெயரோடு நம்பிக்கையும் சேர்ந்தே வருகிறது.

டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் 'லுக்கப்' பக்கத்தில் அந்த டொமைனை இட்டு, உருவாக்கப்பட்ட தேதியைப் பாருங்கள். நிறுவனம் மூடப்பட்டதற்குப் பிந்தைய தேதியாக இருந்தால், பெயர் விடுபட்டு மறுபடி பதிவாகியிருக்கிறது என்று முடிவு செய்துவிடலாம். ஆனால் தேதி பழையதாக இருப்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். நீக்கப்படும் கட்டத்துக்குப் போகாமல் இடையிலேயே ஏலத்தில் விற்கப்பட்ட பெயருக்குப் பழைய தேதியே தொடரும். இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்தத் தளத்தின் ஆண்டுவாரிப் பதிவுகளையும் பார்த்தால், எப்போது கை மாறியது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டாம். கீழே உள்ள 'அன்சப்ஸ்கிரைப்' இணைப்பையும் தொட வேண்டாம். படங்கள் தானாக விரியாதபடி அமைப்பை மாற்றிவிடுங்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிய ஒரு சிறு படம் திறந்தாலே போதும்.

மறுமொழி 2: தரவுப் பாதுகாப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்

இருப்புத் தொகையும் எழுத்துப்பிழையும் பொருந்தியதுதான் உங்களை அசைத்திருக்கிறது என்பது புரிகிறது. பழைய தரவுத்தளம் அவர்கள் கையில் இருக்கிறது என்பதை அவை காட்டுகின்றன. அதற்குமேல் எதையும் நிரூபிக்கவில்லை. உங்கள் நிறுவனம் எது என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் ஊகிக்கவில்லை. இந்தத் துறையில் நடந்த ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். நெட்டெல்லர் என்ற மின்பணப்பைச் சேவையின் 36 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் விவரங்கள் 2010-இல் கசிந்தன. அந்தக் கசிவு 2015-இல்தான் வெளியே தெரிந்தது. அதில் பெயர், மின்னஞ்சல், வீட்டு முகவரி ஆகியவற்றோடு கணக்கின் இருப்புத் தொகையும் இருந்தது. மணிபுக்கர்ஸ் என்ற இன்னொரு மின்பணப்பைச் சேவையின் சுமார் 45 இலட்சம் பேரின் விவரங்களும் அதே சமயத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. ஆகவே, சென்ட் வரை சரியாகச் சொல்கிறார்கள் என்பதால் அவர்கள் கையில் பணம் இருக்கிறது என்று ஆகிவிடாது.

கசிந்த தரவுகளில் தேட உதவும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியை இட்டு, எந்தெந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று பாருங்கள். கணக்குத் தொடங்கியபோது அடையாள ஆவணம் கொடுத்திருந்தால் அதுவும் வெளியே போயிருக்கக்கூடும் என்றே கருதிக்கொண்டு, கடன் வரலாற்றைப் பராமரிக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் உங்கள் கிரெடிட்டை முடக்கி வையுங்கள், உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாது. 2018 செப்டம்பர் முதல் அமெரிக்கா முழுவதும் இதற்குக் கட்டணம் இல்லை. கடன் வாங்கும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டொமைன் உருவாக்கப்பட்ட தேதி சென்ற ஆண்டு நவம்பர் என்று காட்டுகிறது. பதிவு செய்தவரின் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது. வேபேக் மெஷினில் நான் அறிந்த பழைய முகப்புப் பக்கம் சில ஆண்டுகள் வரை இருக்கிறது, பிறகு நீண்ட வெற்றிடம், அதன் பின் விளம்பரங்கள் மட்டுமே உள்ள ஒரு பக்கம், இப்போது அதே பழைய சின்னத்தோடு இந்தப் புதிய தளம். அந்தக் கடவுச்சொல்லை இன்னொரு பழைய மின்னஞ்சல் கணக்கிலும் வைத்திருந்தேன். உடனே மாற்றி, இருபடிச் சரிபார்ப்பையும் போட்டுவிட்டேன். அதன் உள்நுழைவுப் பட்டியலில், நான் உறங்கிக்கொண்டிருந்த பின்னிரவு நேரத்தில் எனக்குத் தெரியாத ஒரு கருவியிலிருந்து ஒரு முயற்சி பதிவாகியிருந்தது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

இருந்தாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. போக்கர் விளையாடியவர்களுக்கு அரசே பல ஆண்டுகள் கழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தச் செய்தியும் மின்னஞ்சலில்தானே வந்தது?

மறுமொழி 1-ஐ எழுதியவர்

அந்த மின்னஞ்சல் கணக்கில், உங்களுக்கு வரும் கடிதங்களை வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதேனும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அத்தகைய விதி தானாக நீங்காது. மீட்பு எண், மீட்பு முகவரி ஆகியவையும் உங்களுடையவைதானா என்று பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 3: வரி, கணக்குப் பணியில் இருக்கும் சகோதரி

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். இதே துறையில் இரண்டு முறை பெரிய அளவில் பணம் திரும்பியிருப்பதால்தான் இந்த மோசடி எடுபடுகிறது என்று நான் நினைக்கிறேன். 2007 ஜனவரியில் நெட்டெல்லர் நிறுவனர்கள் இருவர் அமெரிக்காவில் கைது செய்யப்பட்டனர். நிறுவனம் அரசுடன் உடன்பாட்டுக்கு வந்து 13.6 கோடி டாலரை இழந்தது. அந்த ஆண்டு ஜூலை 30 முதல் அமெரிக்க வாடிக்கையாளர்களின் சுமார் 9.4 கோடி டாலர் திருப்பித் தரப்பட்டது. அடுத்தது, போக்கர் ஆடியவர்கள் 'கறுப்பு வெள்ளி' என்று இன்றும் சொல்லும் 2011 ஏப்ரல் 15-இல் பெரிய போக்கர் தளங்களுக்கு எதிராக அமெரிக்க அரசின் நீதித்துறை வெளியிட்ட வழக்கு. 2012 ஜூலை உடன்பாட்டில் அவற்றில் ஒன்றான போக்கர்ஸ்டார்ஸ் 54.7 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதன் வழியாக ஃபுல் டில்ட் தளத்தின் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு 2014 பிப்ரவரி இறுதியில் முதல் தவணையாகச் சுமார் 7.6 கோடி டாலர் அனுப்பப்பட்டது.

ஆம், ஃபுல் டில்ட் பணத்துக்கும் மின்னஞ்சல்கள் வந்தன. ஆனால் அவற்றை அனுப்பியது மூடப்பட்ட நிறுவனம் அல்ல. நீதித்துறை நியமித்த கார்டன் சிட்டி குரூப் என்ற நிர்வாகி. வழக்கின் பெயரும் நிர்வாகியின் பெயரும் நீதித்துறையின் அறிவிப்பிலேயே இருந்தன, ஆகவே மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமலே ஒருவர் சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. அதைவிட முக்கியம், பணத்தைப் பெறுவதற்கு யாரும் கட்டணம் கட்டவில்லை. தர வேண்டிய 418 டாலரில் 35 டாலரைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர முடியாதவர், அந்த 35 டாலரை முன்கூட்டியே கேட்பது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

பணம் உண்மையிலேயே எங்காவது இருக்கிறதா என்று தேட நேர்மையான வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் நீண்ட காலம் கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்குகளின் பணம் மாநில அரசின் பொறுப்புக்குப் போகும். நியூஜெர்சியின் உரிமை கோரப்படாத சொத்துப் பிரிவின் இணையதளத்திலும், பல மாநிலங்களுக்குப் பொதுவான மிஸ்ஸிங்மணி தளத்திலும் உங்கள் பெயரை இலவசமாகத் தேடலாம். பிழையான எழுத்தோடும் ஒரு முறை தேடுங்கள். கடல் கடந்த நிறுவனத்தின் பணம் அங்கே வந்திருக்கும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், தேடுவதில் நட்டமில்லை.

புகார் செய்யத் தயங்காதீர்கள். 2006-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், சூதாட்டத் தொழில் நடத்துவோர் பணம் பெறுவதைத்தான் குறிவைத்தது, ஆட்டக்காரரை அல்ல. ஆட்டக்காரர்களுக்கு நீதித்துறையே பணத்தைத் திருப்பித் தந்திருக்கிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். வாஷிங்டன் மாநிலம் அதே 2006-இல் இணையச் சூதாட்டத்தைக் கடுமையான குற்றமாக்கியது. குடியுரிமை விண்ணப்பப் படிவத்தில் சட்டவிரோதச் சூதாட்டம் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது என்பதும் உண்மை; அதற்கான பதிலை இங்கே எங்களிடம் கேட்காமல், உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் முழு விவரத்தோடு கேளுங்கள். மோசடியைப் பற்றிய புகாரை எஃப்.பி.ஐ.-யின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐ.சி.3-இலும், எஃப்.டி.சி. எனப்படும் மத்திய வர்த்தக ஆணையத்தின் தளத்திலும் பதியலாம். மின்னஞ்சல் வந்த வழியைக் காட்டும் முழு ஹெடரோடு ('ஷோ ஒரிஜினல்' காட்டுவது) சேர்த்துக் கொடுத்தால்தான் அவர்களுக்குப் பயன்படும்.

கேள்வி கேட்டவர்

சகோதரிக்கும் மற்ற நண்பர்களுக்கும் என் நன்றி. கடிதங்களைத் திசைதிருப்பும் விதி எதுவும் இல்லை. மீட்பு எண் என்னுடையதுதான். மூன்று நிறுவனங்களிலும் கிரெடிட்டை முடக்கிவிட்டேன், மூன்றுக்குமாகச் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆனது. வழக்கறிஞரை வரும் வியாழக்கிழமை சந்திக்கிறேன். மாநிலத் தளத்தில் என் பெயரை இரு விதமாகவும் தேடினேன்; மின்பணப்பை நிறுவனத்தின் பெயரில் எதுவும் இல்லை.

நேற்று நான்காவது மின்னஞ்சல் வந்தது. 48 மணி நேரத்துக்குள் கட்டணம் கட்டாவிட்டால் இருப்பு பறிமுதலாகும் என்று எழுதியிருந்தார்கள். நான்கையும் முழு ஹெடரோடு சேமித்து, டொமைன் பதிவு விவரத்தின் படத்தையும் சேர்த்து, ஐ.சி.3-இலும் எஃப்.டி.சி.-யிலும் நேற்றிரவே பதிந்துவிட்டேன்; டொமைனைப் பதிவு செய்துகொடுத்த நிறுவனத்தின் முறைகேடுப் பிரிவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அவர்களிடமிருந்து பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். என்னோடு அப்போது விளையாடிய அறை நண்பர்கள் இருவருக்கும் தொலைபேசியில் சொன்னேன். அவர்களில் ஒருவருக்கும் இதே மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவர் 35 டாலரை இன்னும் கட்டவில்லை.