தெரியாத ஊருக்குக் குடிபோறோம்: பாதுகாப்பான, கட்டுப்படியாகிற ஏரியாவைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதுவரவு:
வணக்கம். வேலை மாறுது. மூணு நகரங்கள்ல ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். மூணுலயும் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. நானும் வயசான அம்மாவும்தான் போறோம். சில நாள் வேலை முடியவே ராத்திரி பத்து மணி ஆகும், சொந்த வண்டி கிடையாது. ஊருக்கு வெளிய வாடகை பாதிக்குப் பாதி குறைவு. நடு ஊர்ல வீடும் சின்னது, வாடகையும் அதிகம். குற்றப் புள்ளிவிவரம் பார்த்தா ஒரு தளம் ஒண்ணு சொல்லுது, இன்னொண்ணு வேற சொல்லுது. எதை முதல்ல பார்க்கிறது?

கணக்குப்பிள்ளை:
வாடகையைத் தனியா வெச்சு ஒப்பிடாதீங்க. வாடகை, பராமரிப்பு, தண்ணி, மின்சாரம், போக்குவரத்து எல்லாத்தையும் கூட்டி, கைக்கு வர்ற சம்பளத்துல எத்தனை சதவீதம்னு போடுங்க. வாடகை 30 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு எல்லாரும் சொல்றது பாதிக் கணக்கு. வீட்டுச் செலவும் போக்குவரத்தும் சேர்ந்து 45 சதவீதத்தைத் தாண்டாம இருக்கான்னு பார்க்கிறதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

சம்பளம் 100னு வெச்சுக்குங்க. நடு ஊர்ல வாடகை 34, பயணம் 4, மொத்தம் 38. வெளிய வாடகை 20, பயணம் 12, மொத்தம் 32. வெளியதான் லாபம்னு தோணும். ஆனா கடைசி பஸ் போன பிறகு வேலை முடியிற நாள்ல டாக்சிதான் கதி. அதுக்கு மாசம் 8 ஆச்சுன்னா 40. லாபம் அங்கேயே கரைஞ்சுபோச்சு. நேரமும் இருக்கு: ஒரு வழிக்கு 40 நிமிஷம் கூடினா, 22 வேலை நாள்ல கிட்டத்தட்ட 29 மணி நேரம் ரோட்டுல போகும்.

ஊரைத் தேர்ந்தெடுக்க ரெண்டே கேள்வி. உங்க தொழில்ல அங்க வேற நிறுவனங்களும் ஆள் எடுக்குதா? அம்மாவுக்குத் தேவைப்படுற சிறப்பு மருத்துவர் அந்த ஊர்லயே இருக்காரா? ஒரே முதலாளியை நம்பியிருக்கிற ஊர்னா, வேலை போன அன்னைக்கே மறுபடி மூட்டை கட்டணும்.

தெருவிளக்கு:
புள்ளிவிவரம் குழப்புறதுக்கு முக்கியக் காரணம், எதால வகுக்கிறாங்கங்கிறதுதான். "லட்சம் பேருக்கு இத்தனை"ன்னு போடும்போது பெரும்பாலும் அங்க குடியிருக்கிறவங்களை மட்டும் எண்ணுவாங்க. 2,000 பேர் குடியிருக்கிற கடைவீதிக்குத் தினம் 50,000 பேர் வந்து போறாங்கன்னு வைங்க. வருஷத்துக்கு 40 திருட்டுன்னா, லட்சத்துக்கு 2,000னு வரும். பார்த்தாலே பயமா இருக்கும். வந்து போறவங்களையும் சேர்த்து வகுத்தா 77தான். சின்ன ஏரியாவுல போன வருஷம் 2, இந்த வருஷம் 4 ஆனாலே "இரு மடங்கு உயர்வு"ம்பாங்க. அதனால மூணு வருஷச் சராசரியை எடுங்க. வகையையும் பிரிச்சுப் பாருங்க: வீடு புகுந்து திருடுறதும் வழிப்பறியும்தான் குடியிருக்கிறவங்களை நேரடியாத் தொடும். எண்ணிக்கை ரொம்பக் குறைவா இருந்தா, அங்க யாரும் புகாரே கொடுக்கிறதில்லைங்கிற அர்த்தமும் உண்டு.

இதைவிட முக்கியம் ஒண்ணு. பல நகரங்கள்ல நடக்கிற குற்றங்கள்ல பாதி, ஏறக்குறைய 5 சதவீதத் தெருக்கள்லயே குவியுதுன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. ஆக "நல்ல ஏரியா", "மோசமான ஏரியா"ன்னு பேரை வெச்சு முடிவு பண்ணாதீங்க. தெருவைப் பாருங்க. இன்னும் சரியாச் சொன்னா, பஸ் ஸ்டாப்ல இருந்து உங்க வாசல் வரைக்கும் இருக்கிற வழியைப் பாருங்க. நீங்க திரும்பி வர்ற அதே நேரத்துல நடந்து பாருங்க. எத்தனை விளக்கு எரியுது? ரெண்டு விளக்குக்கு நடுவுல எதிர்ல வர்றவர் முகம் தெரியுதா? தெருவைப் பார்த்து ஜன்னல்கள் இருக்கா, இல்ல ரெண்டு பக்கமும் நீளமா மதில்தானா? கடைசிக் கடை எப்போ மூடுறாங்க? அந்த நேரத்துல பெண்களும் வயசானவங்களும் தனியா நடக்கிறாங்கன்னா நல்ல அறிகுறி. தெரு முழுக்கக் கீழ்த்தள ஜன்னலுக்கெல்லாம் புதுசா கம்பி போட்டிருந்தா, ஏன்னு யார்கிட்டயாவது கேட்டுடுங்க.

புதுவரவு:
ரொம்ப நன்றி. ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு நாள்தான் தங்க முடியும். போதுமா?

தெருவிளக்கு:
ஒரு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும் சேர்ந்து வர்ற மாதிரி போங்க. வேலை நாள் காலைல அந்த வீட்டுப் பக்கமிருந்து அலுவலகத்துக்கு நீங்க போகப்போற நேரத்துலயே கிளம்பிப் போய்ப் பாருங்க. ராத்திரி பத்து மணிக்குத் திரும்புங்க. விடுமுறை நாள் ராத்திரி சத்தத்தைக் கவனிங்க. மண்டபமோ மதுக்கடையோ பக்கத்துல இருந்தா அன்னைக்குத்தான் தெரியும். மூணு ஊருக்கும் போகணும்னு இல்ல, கணக்குப்பிள்ளை சொன்ன கணக்குலயே ஒண்ணு கழிஞ்சுடும்.

ஈரச்சுவர்:
வாடகை காரணமே இல்லாம குறைவா இருந்தா முதல்ல வெள்ளத்தைச் சந்தேகப்படுங்க. அரசாங்கத்தோட வெள்ள வரைபடம் இருந்தா பாருங்க. "நூறு வருஷத்துக்கு ஒரு முறை வர்ற வெள்ளம்"னா நூறு வருஷம் கழிச்சு வரும்னு அர்த்தமில்ல. ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்பு. 30 வருஷத்துல ஒரு தடவையாவது வர வாய்ப்பு 26 சதவீதம். மதில்லயும் மின்மீட்டர் பெட்டிக்குக் கீழயும் ஒரே உயரத்துல கறை ஓடுதான்னு தேடுங்க. கீழ்த்தளத்துல இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும் புதுப் பெயின்ட்னா கட்டாயம் கேளுங்க. ஆனா வீட்டுக்காரரைக் கேட்காதீங்க, ரெண்டு வீடு தள்ளி இருக்கிறவரைக் கேளுங்க. அம்மாவுக்காகன்னு கீழ்த்தளம் எடுக்கிறவங்க இதை விடவே கூடாது.

கணக்குப்பிள்ளை:
ஒண்ணு விட்டுப்போச்சு. முதல்ல ஒண்ணு ரெண்டு மாசத்துக்குத் தற்காலிகமா ஒரு அறையோ சின்ன வீடோ எடுத்துக்கிட்டு, அங்க இருந்தபடியே தேடுங்க. வாடகை கொஞ்சம் கூடுதலா ஆகும், ஆனா பிடிக்காத வீட்டு ஒப்பந்தத்தை நடுவுல முறிக்கிற செலவைவிடக் குறைவு. வீட்டுக்குள்ள போய்ப் பார்க்காம முன்பணம் அனுப்பவே அனுப்பாதீங்க. "வெளிநாட்டுல இருக்கேன், பணம் போட்டா சாவி கூரியர்ல வரும்"னு சொன்னா பேச்சை அங்கேயே நிறுத்துங்க. விளம்பரப் படத்தைப் படத்தேடல்ல போட்டா, அதே அறை வேற ஊர்ப் பேர்ல வருதான்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும். வாடகைக்கு விடுறவர் பேரும் சொத்து ஆவணத்துல இருக்கிற பேரும் ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டு, ரசீது கையில வந்த பிறகு சாமானைக் கட்டுங்க.