வீட்டு லேத்தில் கடைந்த இன்ஜின் பாகங்கள்: எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது

பத்மினி கார் வைத்திருப்பவர், கோயம்புத்தூர்

பிரிமியர் பத்மினியின் 1089 சி.சி. இன்ஜினுக்கு உதிரிபாகம் தேடி அலைபவர்கள், நாமே செய்துகொண்டால் என்ன என்ற எண்ணத்துக்கு ஒரு நாள் வந்து சேர்வார்கள். நானும் அப்படித்தான் சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை வாங்கினேன். அதில் செய்தவற்றுள் மிகுந்த மனநிறைவைத் தந்தது, கார்புரேட்டரின் திராட்டில் தண்டுக்குக் (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் தண்டு) கடைந்த பித்தளைப் புஷ், அதாவது தண்டு உள்ளே சுழலும் சிறு குழல்.

வண்டி ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில்) ஓடாமல் அணைந்துகொண்டே இருந்தது. பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டைச் சுத்தம் செய்தும் மிக்சர் திருகைத் திருப்பிப் பார்த்தும் பயனில்லை. தண்டை விரலால் பிடித்து அசைத்தபோது அது ஆடியது. பல ஆண்டு உரசலில் கார்புரேட்டர் உடலின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்ததால், அந்த இடைவெளி வழியே காற்று கூடுதலாக உள்ளே புகுந்து, பெட்ரோல் விகிதத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. பழைய கார்புரேட்டர் ஒன்றுக்குக் கடையில் பல ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். அதன் துளையும் தேய்ந்தே இருந்தது. எனக்குத் தேவைப்பட்ட பித்தளைத் துண்டின் விலை நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

புஷ்ஷைக் கடைவது எளிது. உடலில் உள்ள துளையைப் பெரிதாக்குவதில்தான் கவனம் வேண்டும். இரண்டு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால்தான் தண்டு இறுகாமல் சுழலும் என்பதால், ஒரு பக்கத்தை முடித்துவிட்டு உடலைத் திருப்பிப் பிடிக்காமல், நீளமான ரீமரை (துளையைத் துல்லியமான அளவுக்குச் சீவும் கருவி) இரண்டின் வழியாகவும் ஒரே ஓட்டமாகச் செலுத்த வேண்டும். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். திராட்டில் தகட்டைப் பிடித்திருக்கும் சிறு திருகுகளின் நுனியைத் தட்டி விரித்துப் பூட்ட மறக்கவே கூடாது. ஒன்று கழன்றாலும் அது நேராக சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு வால்வையும் பிஸ்டனையும் சிதைத்துவிடும்.

தண்ணீர் பம்பு, டைமிங் கவர் ஆகியவற்றின் காகித கேஸ்கட்டுகளையும் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் தாள்கள்) வீட்டிலேயே வெட்டுகிறேன். பெட்ரோல் பம்பின் கேஸ்கட்டை மட்டும் பழையதன் தடிமனை அளந்து அதே தடிமனில் வெட்ட வேண்டும். தடிமன் கூடினால் பம்பு லீவரின் வீச்சு குறைந்து பெட்ரோல் போதாமல் போகும். அந்தக் காலத்துக் கேஸ்கட்டுகளில், தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், நனைத்த பிறகே சுரண்டுங்கள். கம்பி பிரஷ்ஷோ காற்றுக் குழாயோ வேண்டாம்.

பணம் மிச்சமாகிறதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லேத், மைக்ரோமீட்டர், ரீமர்கள் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சம் ரூபாயை நெருங்குகிறது. ஒரே ஒரு காருக்காக இவற்றை வாங்கினால் அந்தப் பணம் திரும்பி வராது.

இன்ஜின் ரீகண்டிஷனிங் பட்டறையில் பணிபுரிந்தவர், சேலம்

நண்பர் தேர்ந்தெடுத்த பாகம் சரியானது. புஷ் தேய்ந்தால் ஐட்லிங் கெடும், அவ்வளவுதான். உயிருக்கோ இன்ஜினுக்கோ ஆபத்து வராது. எல்லோரும் இப்படித் தேர்ந்தெடுப்பதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மாருதி 800 வைத்திருந்த ஒருவர், கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) போல்ட்டுகளைத் தாமே மைல்டு ஸ்டீல் கம்பியில் கடைந்து, டை வைத்து மரை வெட்டிக் கொண்டுவந்தார். பார்வைக்கு மிக நேர்த்தியான வேலை. அந்த இன்ஜினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம், 72 மில்லிமீட்டர். பிஸ்டன், பின், ரிங்குகள் எல்லாம் சேர்ந்து 300 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், 5000 ஆர்.பி.எம். வேகத்தில் பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் கணத்தில், ராடை மேல்நோக்கி இழுக்கும் விசை 350 கிலோ எடைக்கு மேல் வரும். அது நொடிக்கு 83 முறை வந்து போகும். இதற்காகவே நல்ல ராடு போல்ட்டைக் கலவை எஃகில் செய்து, வெப்பப் பதம் கொடுத்து, மரையை வெட்டாமல் உருட்டி அழுத்தி உருவாக்குகிறார்கள். வெட்டிய மரையின் அடியில்தான் முதல் விரிசல் விழும். போல்ட் ஒன்று அறுந்தால் ராடு இன்ஜின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். பொருத்த முடியாது என்று மறுத்து, கடையில் கிடைக்கும் அசல் போல்ட்டுகளை வாங்கி வரச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான்.

பிஸ்டனும் அப்படியே. வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அலுமினியம் விரிவடையும் என்பதால், பிஸ்டனைச் சிறிது நீள்வட்டமாகவும் மேற்பகுதியைச் சற்றுக் குறுக்கியும் செய்கிறார்கள். சாதாரண வீட்டு லேத்தில் வட்டம்தான் வரும்.

நியூசிலாந்தின் பர்ட் மன்றோ தம் பிஸ்டன்களைத் தாமே வார்த்து, 1920ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிளில் 1967இல் அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில் உலக சாதனை படைத்தாரே என்று பலர் கேட்பார்கள். அவர் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் உடைந்துபோன பாகங்களை அவர் அலமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சாதனைக்காக ஓட்டுபவர் அந்த இழப்பை ஏற்கலாம். குடும்பத்தோடு ஊருக்குப் போகும் காரில் அது கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தும் கேள்வியே எழவில்லை. 1990களில் போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவது நின்றுபோன பிறகு, எங்கள் பெரியப்பா தம் ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ் காரை மற்றவர்களைப் போலவே மண்ணெண்ணெயில் ஓட்டினார். சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அதன் ஒக்டேன் (அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன்) குறைவு. அழுத்த விகிதம் குறைந்த அந்தப் பழைய பிரித்தானிய இயந்திரங்களே அதைத் தாங்கின. இந்திய அம்பாசடரில் இருந்ததும் இதே 1489 சி.சி. வகைதான்.

கஸ்கெற்றுகளைத் தடித்த காகித மட்டையில் வெட்டி எண்ணெயில் ஊறவைத்துப் போடுவார். செப்பு வாஷர்களை எறிவதே இல்லை. இறுகிப்போன செம்பைச் சிவக்கக் காய்ச்சி எடுத்தால் மீண்டும் மென்மையாகிவிடும். புஷ் வகைகள் கடைச்சல் பட்டறையில் பழைய வெண்கலத்திலிருந்து வந்தன. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ரிங்குகளைத் தாண்டி எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்ததால், பெயாரிங்குகள் விரைவாகத் தேய்ந்தன. அதற்கு எந்தக் கைவேலையும் ஈடுகொடுக்கவில்லை. 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்ததும் அவர் முதலில் வாங்கியது புதிய பெயாரிங்குகளைத்தான்.

சேலம் ஐயாவிடம் ஒரு கேள்வி: அந்தக் கார் இப்போது என்னிடம் இருக்கிறது, வால்வு கைட் (வால்வின் தண்டு மேலும் கீழும் நகரும் குழல்) மட்டும் வீட்டில் கடையலாமா?

சேலம்

தாராளமாகக் கடையலாம். பாஸ்பர் பிரான்ஸ் அல்லது நல்ல வார்ப்பிரும்பு எடுத்துக்கொள்ளுங்கள். உள்துளையைச் சற்றுக் குறைவாக விட்டு, கைடை சிலிண்டர் ஹெட்டில் இறக்கிய பிறகே ரீமரால் இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும், ஏனெனில் அழுத்தி இறக்கும்போது துளை சுருங்கும். அதன் பிறகு வால்வு வந்து அமரும் சீட்டைப் புதிய கைடின் மையத்துக்கு ஏற்ப மறுபடி வெட்டியாக வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் ஹெட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.