ராயக்கோட்டைப் பந்தலும் மூன்றாவது ஆழ்துளைக் கிணறும்

ராயக்கோட்டை சித்தப்பா, காலை 7:05
அனைவருக்கும் வணக்கம். பெங்களூர் புளூ திராட்சைக் கொத்துகள் நிறம் மாறத் தொடங்கிய நேரத்தில், பந்தலின் மேற்குக் கோடி வரிசைகளில் இலை ஓரங்கள் கருகிவிட்டன. வெயில் படும் பக்கத்துக் காய்கள் பழுப்பேறிச் சுருங்குகின்றன. இரண்டு ஆழ்துளைக் கிணறுகளும் சேர்ந்தே நாளுக்கு மூன்று மணி நேரம்தான் ஓடுகின்றன. மூன்றாவதாக ஒன்று போடலாம் என்று ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதிப் பணத்துக்குத்தான் உங்களைக் கேட்கிறேன்.

தருமபுரி அத்தை, காலை 7:20
தம்பி, போன கிணற்றுக்கு வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை. இருக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பார்.

பெரியப்பா, காலை 7:41
நிறம் ஏறட்டும் என்று கொத்தைச் சுற்றியிருந்த இலைகளைக் கிள்ளினாயா? நேர் வெயிலில் நிற்கும் காயின் சூடு, காற்றின் சூட்டைவிடப் பத்து டிகிரிக்கு மேலும் ஏறும். அந்தச் சூட்டில் நிறமே ஊறாது. இரவும் புழுக்கமாக இருந்தால் கருநீலக் கொத்தின் நடுவே பச்சைக்காய் நிற்கும். பெங்களூர் புளூவுக்கு அது பிறவிக் குணம். வெயில் அதைப் பெரிதாக்குகிறது.

ராயக்கோட்டை சித்தப்பா, காலை 7:50
கிள்ளினேன் அண்ணா. மேற்குக் கோடி வரிசைகளில்தான்.

ஓசூர் அண்ணன், காலை 8:30
சித்தப்பா, கிணறு போடுவதற்கு முன் ஒரு கணக்குப் பாருங்கள். நம் பந்தலில் கொடிக்குக் கொடி இரண்டு மீட்டர், வரிசைக்கு வரிசை மூன்று மீட்டர். ஆக ஒரு கொடிக்கு ஆறு சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்பதால், ஏப்ரல் வெயிலில் நாளொன்றுக்கு ஏழு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டு, அதில் கொடி ஏறத்தாழ 60 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் என்று கொண்டாலும், தேவை 25 லிட்டர்தான் வருகிறது. சொட்டுநீர்க் குழாயில் மணிக்கு நான்கு லிட்டர் விடும் சொட்டுவான்கள் கொடிக்கு இரண்டு இருக்கின்றன. மூன்று மணி நேரத்தில் 24 லிட்டர் சேர்ந்திருக்க வேண்டும். அப்படியும் இலை கருகுகிறது என்றால் தண்ணீர் கொடியின் அடிக்கே போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பகல் பதினொரு மணிக்கு இரண்டாம் வரிசையிலும் எட்டாம் வரிசையிலும் ஓர் இலையை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். வேர் நீர் எடுக்கும் கொடியில் இலை ஈரத்தை வெளிவிட்டுக் குளிர்ந்திருக்கும். தவிக்கும் கொடி இலைத்துளைகளை மூடிக்கொள்வதால் இலை சுடும், சர்க்கரை செய்வதையும் ஏறக்குறைய நிறுத்திவிடும். பிறகு ஒரு சொட்டுவானின் கீழ்ச் செம்பை வைத்து, பதினைந்து நிமிடத்தில் ஒரு லிட்டர் நிறைகிறதா என்று அளந்து சொல்லுங்கள்.

ராயக்கோட்டை சித்தப்பா, பகல் 11:48
இரண்டாம் வரிசை இலை மண்பானையைத் தொட்டதுபோல் இருந்தது. எட்டாம் வரிசை இலை வெதுவெதுப்பாக இருந்தது. செம்பில் இரண்டாம் வரிசையில் 950 மில்லி சேர்ந்தது, எட்டாம் வரிசையில் 300 மில்லிகூடச் சேரவில்லை. சொட்டுவான் வாயில் சுண்ணாம்புபோல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

ஓசூர் அண்ணன், பகல் 12:10
அது நம் கிணற்று நீரின் உப்பு. குழாய்களில் நீர்த்த அமிலத்தை விட்டு இரவு முழுவதும் நிறுத்தி, காலையில் முனை மூடிகளைத் திறந்து நன்றாகக் கழுவி வெளியேற்றுங்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சரியான பிறகு, காய்ந்து கிடந்த வரிசைகளுக்கு ஒரே நாளில் நீரைக் கொட்டாதீர்கள், பழம் வெடித்துவிடும். நான்கைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். உப்பு நீர் என்பதால் சாம்பல் சத்துக்குக் குளோரைடு உள்ள மியூரேட் ஆஃப் பொட்டாஷ் உரம் வேண்டாம், சல்பேட் பொட்டாஷே போதும். குளோரைடு சேர்ந்தாலும் இலை ஓரம் இதேபோல்தான் கருகும்.

பெரியப்பா, பகல் 12:35
தண்ணீர் போய்ச் சேர்ந்தாலும் செம்மண் வெற்றாகக் கிடந்தால் பாதி வெயிலுக்குத்தான். கேழ்வரகுத் தாளையோ மாஞ்சருகையோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்பு. தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டுவிடு, இல்லாவிட்டால் கரையான் ஏறிவிடும்.

நான், பகல் 1:15
சித்தப்பா, அடுத்த நடவுக்கு ஒரு சொல். நம் கொடிகள் குச்சியை நட்டு வந்தவை, சொந்த வேரில் நிற்பவை. மகாராஷ்டிராவில் நாசிக், சாங்கலிப் பக்கம் வறட்சிக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்க டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியே பெரும்பாலும் நடுகிறார்கள்; அது அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதிக் காட்டுத் திராட்சையின் வழி வந்தது. பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுவிட்டு, வீணான கொடிகள் இருக்கும் இடத்தில் முதலில் ஒரு வரிசை வைத்துப் பார்க்கலாம்.

தருமபுரி அத்தை, பகல் 1:30
நல்லது. அதற்கு முன் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடு தம்பி.

ராயக்கோட்டை சித்தப்பா, மறுநாள் காலை 8:02
எட்டாம் வரிசையின் மூடியைத் திறந்ததும் முதலில் வெள்ளைச் செதில்களாக வந்தது, பிறகு தெளிந்த நீர். இப்போது செம்பில் 900 மில்லி சேருகிறது. கேழ்வரகுத் தாள் இன்று மாலை வருகிறது. ரிக் வண்டிக்காரரிடம் முன்பணம் 5,000 ரூபாயைத் திரும்பக் கேட்டேன். வண்டி கிளம்பிவிட்டது என்கிறார்.