தமிழ்வழிப் பள்ளிக்குத் தமிழ் பேசும் கவுன்சிலர் வேண்டுமா?

தோப்புவீடு, கொழிஞ்சாம்பாறை:
போன வாரம் கேரளப் பக்கத்து எல்லையில் இருக்கும் எங்கள் பகுதிப் பள்ளியில் பி.டி.ஏ., அதாவது பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டம். "தமிழ்வழி வகுப்பு இருக்கும் பள்ளிக்குப் பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்க வரும் கவுன்சிலருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும், மனு கொடுப்போம்" என்றேன். பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர் அதெல்லாம் எதற்கு என்று எழுந்து போய்விட்டார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் மகள் ஐந்தாவது வரை பொள்ளாச்சியில் என் அம்மாவிடம் இருந்து படித்தாள். அம்மா தவறியதும் இங்கே கூட்டி வந்து ஆறாம் வகுப்பில் தமிழ்வழியில் சேர்த்தோம். அதிலிருந்து காலையில் கட்டிக் கொடுத்த சோறு சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. வகுப்பு டீச்சர் கவனித்துக் கவுன்சிலரிடம் அனுப்பினார். அந்தப் பெண்ணும் அன்பாகத்தான் கேட்டிருக்கிறார்: "மோளே, எந்தா விஷமம்?"

மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். என் மகளுக்குத் தெரிந்ததோ "விஷமம் பண்ணாதே கண்ணு" என்று பாட்டி சொல்லும் விஷமம். "நான் ஒரு விஷமமும் பண்ணலைங்க மிஸ்" என்று அழுதுகொண்டே வகுப்புக்கு ஓடிவிட்டாள். ஏதோ தப்புச் செய்ததாகத்தான் கூப்பிட்டார்கள் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்த அறைப் பக்கமே போகவில்லை. பாட்டியைப் பற்றி இன்னும் ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை.

பழைய கணக்கு வாத்தியார்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அம்மிணி. ஆனாலும் என் கருத்து வேறு. எல்லைப் பள்ளிகளில் 31 வருடம் பாடம் எடுத்தவன் நான். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். ஆறு மாதத்தில் அதுவும் வாயில் வந்துவிடும்.

கவுன்சிலர் எதற்கு என்பதுதான் என் கேள்வி. அந்த அறைக்குள் ஒரு பையன் நுழைவதை நாலு பேர் பார்த்தால் போதும், அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிடும். என் வகுப்பில் ஒருத்தன் திடீரென்று வீட்டுக்கணக்குப் போடுவதை நிறுத்தினான். அடிக்கவில்லை, கேட்கவும் இல்லை. சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் அவன் அப்பாவின் குடி, அம்மா கோபித்துக்கொண்டு போனது எல்லாம் தெரிந்துவிட்டது. ஆசிரியருக்குப் பதிவேடு நிரப்பும் வேலையைக் குறையுங்கள். பிள்ளையோடு உட்கார நேரம் கொடுங்கள். அது போதும்.

மலைக்கொழுந்து, தேவிகுளம்:
சார், நீங்கள் போய் உட்கார்ந்த அந்தத் திண்ணையைக் கும்பிடுகிறேன். ஆனால் எனக்குக் கிடைத்தது வேறு. ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ராத்திரி தூக்கமே வராது. நெஞ்சு படபடக்கும். துணிந்து ஒரு டீச்சரிடம் சொன்னேன். அவர் நல்ல மனதோடுதான் என் அம்மாவிடம் சொன்னார். கொழுந்து கிள்ளும் இடத்தில் அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொல்ல, சாயங்காலத்துக்குள் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்புறம் கல்லூரி போகும்வரை நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மார்க் போடுகிறவரிடம், அம்மாவைத் தினம் பார்க்கிறவரிடம் பிள்ளை எல்லாவற்றையும் சொல்லாது சார்.

இப்போது சமூகப்பணி படிக்கிறேன். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. நாற்பது பேர் வகுப்பில் அது மூன்று பேர். அந்த மூன்று பேர் யார் என்று கண்டுபிடிக்கவே தனிப் பயிற்சி வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லிவிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட்டுக்குப் படித்த 17 வயது மாணவியின் மரணம் பற்றிய வழக்கு அது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிலையத்தில் பயிற்சி பெற்ற ஒரு கவுன்சிலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருந்தே ஆக வேண்டும். எனவே கவுன்சிலர் எதற்கு என்ற கேள்விக்கு இனி இடமில்லை.

சித்தூர்த் தம்பி, பாலக்காடு:
கவுன்சிலர் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ் கட்டாயம் என்று மனுவில் எழுதாதீர்கள் அக்கா. தகுதியும் தமிழும் சேர்ந்த ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி இடத்தைக் காலியாகவே போட்டுவிடுவார்கள். நம் பகுதியில் தமிழாசிரியர் வேலைக்கே ஆளில்லாமல் காத்திருந்தது நினைவில்லையா? அரைகுறையாகப் புரிந்தாலும் ஒருத்தர் இருப்பது நல்லதுதானே. தமிழில் பேச டெலி மனஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. 14416, காசும் கிடையாது.

தோப்புவீடு:
தம்பி, பதினோரு வயதுப் பிள்ளையிடம் ஃபோன் ஏது? எங்கள் வீட்டில் இருப்பது ஒன்று, அதுவும் அவள் அப்பாவின் சட்டைப் பையில். பெரியவர்களுக்கு அந்த எண் உதவும், நானும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கேரளத் தமிழர்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்று 1969ஆம் வருடக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே சொன்னது. நில வரிக்கு நான் தமிழில் மனு கொடுக்கலாம், என் பிள்ளை தமிழில் அழக்கூடாதா?

பழைய கணக்கு வாத்தியார்:
அம்மிணி சொன்னது சுருக்கென்று தைத்தது. மொழி விஷயத்தில் நான் ஆறு மாதம் என்று சொன்னது தப்பு. அந்த ஆறு மாதத்தில்தான் பிள்ளைக்கு ஆள் தேவைப்படுகிறது.

மலைக்கொழுந்திடம் ஒரு கேள்வி. பிள்ளை சொன்னதை வெளியே விடமாட்டேன் என்று கவுன்சிலர் வாக்குக் கொடுக்க முடியுமா? யாரோ தப்பாகத் தொடுகிறார்கள் என்று சொன்னால்?

மலைக்கொழுந்து:
முடியாது சார். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் வருடப் போக்சோ சட்டப்படி அதைப் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் வீட்டுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். நல்ல கவுன்சிலர் முதல் நாளே இதைப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுவார். "இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லமாட்டேன், இந்த இரண்டை மட்டும் சொல்லித்தான் ஆகணும், சொல்லுமுன் உன்கிட்ட சொல்லிடுவேன்." இதைப் பாதி புரிந்த மொழியில் சொல்லவே கூடாது. பிள்ளை ஏமாந்துபோகும்.

சித்தூர்த் தம்பி:
இது நான் யோசிக்காத விஷயம். இருந்தாலும் "கட்டாயம்" என்ற சொல்லுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். "தமிழ் தெரிந்தவருக்கு முன்னுரிமை, இப்போது இருப்பவருக்குத் தமிழ்ப் பயிற்சி" என்று எழுதினால் போடுகிறேன்.

தோப்புவீடு:
பயிற்சியைச் சேர்க்கிறேன். கட்டாயத்தை எடுக்க மனசு வரவில்லை தம்பி. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வைத்துக் கேட்போம்.

பழைய கணக்கு வாத்தியார்:
அறை எங்கே இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். எங்கள் காலத்தில் அது ஸ்டாஃப் ரூமுக்கு எதிரிலேயே இருந்தது, உள்ளே போகும் பிள்ளையைப் பதினைந்து ஆசிரியர்கள் பார்ப்பார்கள். நூலகத்துக்குள் ஒரு தடுப்புப் போட்டால்கூடப் போதும். புத்தகம் எடுக்கப் போன மாதிரி போய்விட்டு வரலாம். மனுவைத் தமிழிலேயே எழுதிக் கொண்டு வாருங்கள், வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன்.