காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, பேட்டரி மாற்றணுமா? அவசரம்

சேலையூர்வாசி
வணக்கம். காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் கேபிள் போட்டு எடுத்துக் கொடுத்தார். போன வாரமும் இப்படித்தான் ஆனது. பேட்டரிக் கடைக்குப் போன் செய்தால், "கொஞ்ச தூரமே ஓட்டினால் இப்படித்தான், மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். பேட்டரி அவ்வளவு பழசும் இல்லை, தினமும் ஓட்டுகிற வண்டிதான். கொஞ்ச தூரமே ஓட்டினால் சார்ஜ் இறங்குமா? நாளைக் காலை பெண்ணுக்குப் பரீட்சை, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்கரை
என்ன வண்டி? பெட்ரோலா டீசலா? "அவ்வளவு பழசு இல்லை" என்றால் ஒரு வருஷமா, நாலு வருஷமா? சாவி திருப்பும்போது டக் டக் என்று அடிக்கிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, சத்தமே இல்லையா? இதெல்லாம் தெரியாமல் எப்படிச் சொல்வது?

கிரீஸ் கை
முதலில் டெர்மினலை, அதாவது பேட்டரியில் கேபிள் மாட்டும் முனையைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பாதிக் காரணம் அதுதான். வெந்நீர் ஊற்றிக் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கிவிட்டு வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். பேட்டரி என்று மாற்றுகிற பலருக்கு உண்மையில் கிளாம்ப்தான் லூஸ்.

மூத்த ஆம்பியர்
இந்தக் கேள்விக்கு இங்கே பல தடவை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டு வந்திருக்கலாம். வோல்டேஜ் சொல்லாமல் பேட்டரி சந்தேகம் கேட்பது, காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லாமல் மருந்து கேட்பது மாதிரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அளக்க வேண்டும். 12.6க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் அதை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும், வராவிட்டால் ஆல்டர்னேட்டர் (இஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் பாகம்) பக்கம் பாருங்கள். ஒரு மல்டிமீட்டர் வாங்கக்கூட மனசு வராதவர்கள் கார் வைத்துக்கொள்ளக் கூடாது.

சேலையூர்வாசி
பெட்ரோல், 2019 மாடல். பேட்டரி 2023 கடைசியில் மாற்றியது, 35 ஏஎச் (ஆம்பியர் அவர்). டக் டக் சத்தம்தான். டெர்மினல் சுத்தமாகவே இருக்கிறது. ஸ்கூல், தாம்பரம் ஸ்டேஷன், மார்க்கெட், எல்லாம் மூன்று கிலோமீட்டருக்குள். மீட்டர் இல்லை.

வைகைக்கரை
2023 கடைசி என்றால் வாரண்டி கார்டைத் தேடுங்கள். காசு கொடுப்பதற்கு முன், கடையில் முழுசாகச் சார்ஜ் ஏற்றி லோடு டெஸ்ட் (அதிகக் கரண்ட் இழுத்துப் பார்க்கும் சோதனை) போடச் சொல்லுங்கள். சார்ஜ் இறங்கியிருக்கும்போது டெஸ்ட் போட்டால் நல்ல பேட்டரியும் செத்ததாகத்தான் காட்டும்.

அடையாற்றுக்காரன்
தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஓட விடுங்கள், போதும். எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஓம்ஸ் விதி
அது போதாது. ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றுவதால் முழு அளவு கரண்ட் தராது. அதிலும் ஏசி புளோவர், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எல்லாம் பங்கு கேட்கும்.

கேட்டவருக்கு: செல்ஃப் அடிப்பதால் சார்ஜ் தீர்வதில்லை. 150 ஆம்பியர் இரண்டு வினாடி இழுத்தாலும் கணக்குப் போட்டால் 0.1 ஏஎச் கூட வராது. அதை மூன்று கிலோமீட்டரிலேயே திருப்பி ஏற்றிவிடலாம். பிரச்சினை மீதி நேரத்தில்தான். வண்டி சும்மா நிற்கும்போதும் கடிகாரம், லாக், அலாரம் எல்லாம் கொஞ்சம் இழுக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம், அதற்கே ஒரு நாளைக்கு 1.2 ஏஎச். பேட்டரி பாதிக்கு மேல் நிரம்ப நிரம்ப சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும், கடைசி இருபது சதவீதத்துக்கு மணிக்கணக்கில் ஆகும். அது உங்கள் ஸ்டேஷன் ஓட்டத்தில் நடக்கவே நடக்காது. இப்படி அரைகுறையாகவே கிடந்தால் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். நம் ஊர் வெயிலும் ஆயுளைக் குறைக்கும். ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை நின்றுபோகும் அளவுக்கு இது மட்டும் காரணமாக இருக்காது. தனியாக ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா? டேஷ்கேம் (ரோட்டைப் படம் எடுக்கும் கேமரா), ஜிபிஎஸ், ஆம்ப்ளிஃபையர்?

கிரீஸ் கை
கழற்றி வீட்டில் சார்ஜ் போடுவதாக இருந்தால் ஒரு பலகை மேல் வையுங்கள். சிமெண்டுத் தரை சார்ஜை இழுத்துவிடும்.

மூத்த ஆம்பியர்
இன்னும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா? அது கடினரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு. இன்றைய பெட்டி பாலிபுரோப்பிலீன், மின்சாரம் கடத்தாது. பாடப்புத்தகம் படியுங்கள்.

கிரீஸ் கை
இருபது வருஷமாகக் கடை நடத்துகிறேன் ஐயா. தரையில் வைத்தது இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூத்த ஆம்பியர்
பலகையில் வைத்தாலும் இறங்கியிருக்கும். ஈய அமில பேட்டரி எங்கே வைத்தாலும் தானாக இறங்கும், சூடான இடத்தில் சீக்கிரம் இறங்கும். மேல்பக்கம் அமில ஈரமும் அழுக்கும் சேர்ந்தாலும் சார்ஜ் கசியும். தரை என்ன செய்தது?

வைகைக்கரை
இரண்டு பேரும் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். அவர் பெண்ணுக்குக் காலையில் பரீட்சை. சேலையூர் சார், இன்று ராத்திரி யாரிடமாவது சார்ஜர் வாங்கிப் போடுங்கள். 4 ஆம்பியர் சார்ஜர் என்றால் விடிவதற்குள் பெருமளவு ஏறியிருக்கும். காற்றோட்டமான இடத்தில் போடுங்கள், ஹைட்ரஜன் வரும். காலையில் எதற்கும் ஆட்டோவும் சொல்லி வையுங்கள்.

சேலையூர்வாசி
டேஷ்கேம் இருக்கிறது. தீபாவளிக்கு மாட்டினேன். ஃபியூஸ் பாக்ஸில் இணைத்துக் கொடுத்தார்கள், நிறுத்தி வைத்திருக்கும்போதும் படம் எடுக்கும். அதுவா?

ஓம்ஸ் விதி
பெரும்பாலும் அதுதான். பார்க்கிங் மோடில் 4 வாட் என்று வையுங்கள். 12 வோல்ட்டில் 0.33 ஆம்பியர், இருபது மணி நேரத்துக்கு ஏறக்குறைய 6.6 ஏஎச். உங்கள் 35 ஏஎச் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. காலையும் மாலையும் சேர்த்து அரை மணி நேரம் ஓட்டி, 10 ஆம்பியர் ஏறினாலும் 5 தான் திரும்பும். ஒவ்வொரு நாளும் பாக்கி விழுகிறது. நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு இதே கேமரா தொந்தரவே தராது. இன்றைக்கு பார்க்கிங் மோடை அணையுங்கள், பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டலூர் கேளம்பாக்கம் வழியாக மாமல்லபுரம் வரை குடும்பத்தோடு போய் வாருங்கள்.

மூத்த ஆம்பியர்
கேமரா ஒயரை எடுத்த பிறகு, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்து இங்கே போடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால் வேறு ஏதோ இருக்கிறது. மீட்டரைப் பேட்டரிக்கும் மைனஸ் கேபிளுக்கும் நடுவே தொடராக இணைத்து அளக்க வேண்டும். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

சேலையூர்வாசி
பார்க்கிங் மோடை அணைத்தேன், சார்ஜ் ஏற்றினேன். வண்டி எடுக்கிறது. கடையில் லோடு டெஸ்ட்டும் பாஸ். எல்லோருக்கும் நன்றி.

மூத்த ஆம்பியர்
அளவு எங்கே?

குரோம்பேட்டை புதியவர்
எனக்கும் இதே சிக்கல், ஆனால் கேமரா ராத்திரி ஓட வேண்டும். தெருவில்தான் நிறுத்துகிறேன். வழி உண்டா?

ஓம்ஸ் விதி
கேமராவை ஃபியூஸ் பாக்ஸோடு இணைக்கும் பெட்டியில் சின்ன சுவிட்ச் இருக்கும், சில கேமராவில் மெனுவிலேயே இருக்கும். எத்தனை வோல்ட்டில் அணைய வேண்டும் என்று அதில் வைக்கலாம். 12.4 இருந்தால் அதில் வையுங்கள், இல்லையென்றால் 12.2. 11.8 இல் விட்டிருந்தால் கேமரா அணைவதற்கு முன்பே பேட்டரி காலியாகியிருக்கும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் கேமராவுக்குத் தனிச் சின்ன பேட்டரி பேக் விற்கிறார்கள், வண்டி ஓடும்போது அது ஏறிக்கொள்ளும். உங்கள் வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும்?